உணவறிஞர் பாய்டு ஆர்

மக்களுள் சிலர் நெடியவர், சிலர் குறியவர். பெற்றோர் உயரமானவராயின் பிள்ளைகளும் பெரும்பாலும் உயரமாக வளர்தலை எந்த ஊரிலும் காணலாம். ஆதலின், உயரம் பிறப்பிலேயே அமைந்துவிடுவது என்றும், அதனை மாற்ற ஒருவராலும் இயலாது என்றும் பலர் எண்ணிவந்தனர். அவ்வெண்ணத்தில் ஒரு பாதி உண்மை. மறு பாதி பிழை. அப்பிழையால் ஏழைக் குழந்தைகளுக்கு நேர்ந்த தீங்கு பெரிது. அவர்கள் மெலிந்தும் குறுகியும் இருப்பது அவர்தம் குடிப்பிறப்பின் விளைவு என்று சொல்லிச் சமுதாயம் தன் கடமையினின்று விலகிக்கொண்டது. இவ்வழக்கை அளவுகோலும் தராசும் கொண்டு ஆராய்ந்தவர் சிலர். ஏழைக் குழந்தையின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது அதன் குருதியன்று, அதன் பசியே என்று உலகறியக் காட்டிய அச்சிலருள் முன்னிற்பவர் ஜான் பாய்டு ஆர்.

ஸ்காட்லாந்து நாட்டில் கில்மார்ஸ் என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23ஆம் நாள் பாய்டு ஆர் பிறந்தார். தந்தையார் கல் வெட்டும் தொழில் நடத்திவந்தவர். வீட்டில் பிள்ளைகள் எழுவர். பாய்டு ஆருக்கு ஐந்து வயதானபொழுது தந்தையாருக்கு உரிய கப்பல் ஒன்று கடலில் மூழ்கியது. அதனால் குடும்பத்தின் செல்வநிலை தாழ்ந்தது. பிறந்த வீட்டை விட்டு, வெஸ்ட் கில்பிரைடு என்னும் கடற்கரை ஊரில் அவர்கள் குடியேறினர். பெருஞ்செல்வமும் இல்லை, கொடிய வறுமையும் இல்லை. கடற்காற்றும், பாலும், எளிய உணவும் குறைவின்றிக் கிடைத்தமையால் சிறுவன் உரமான உடல் பெற்று வளர்ந்தான்.

பதின்மூன்றாம் வயதில் உதவித்தொகை பெற்றுக் கில்மார்னக்கு நகரத்து உயர்பள்ளியில் சேர்ந்தான். அங்கே தந்தையாரின் கற்குழி ஒன்று இருந்தது. சிறுவனுக்குப் பள்ளியைவிடக் கற்குழித் தொழிலாளரின் உறவே இனித்தது. இதனை அறிந்த தந்தையார் சில திங்களிலேயே அவனை ஊருக்கு அழைத்துக்கொண்டார். ஊர்ப் பள்ளியிலேயே அவன் கற்கவும் செய்தான்; இளைய மாணவர்க்குக் கற்பிக்கவும் செய்தான். பின்னர் அரசின் உதவித்தொகையால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1902ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார் பாய்டு ஆர்.

கிளாஸ்கோ அந்நாளில் செல்வமும் வறுமையும் அடுத்தடுத்து வாழ்ந்த நகரம். கப்பல் கட்டும் துறைகளும் இரும்பு உலைகளும் அதற்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தன. அப்பொருளை ஈட்டித் தந்த தொழிலாளர் குடும்பங்களோ காற்றும் ஒளியும் புகாத சிற்றறைகளில் நெருங்கிக் கிடந்தன. அங்கே வளர்ந்த குழந்தைகள் பலருக்கு எலும்பு மெலிந்து கால்கள் கோணியிருந்தன. அத்தகைய சேரி ஒன்றில் இருந்த பள்ளிக்கே பாய்டு ஆர் முதன்முதல் ஆசிரியராகச் சென்றார். கந்தலாடை உடுத்து, குளித்தறியாத உடலோடு, பசியால் வாடிய முகத்தோடு பிள்ளைகள் அவர்முன் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தனர். வயிறு காய்ந்தவர்க்கு எழுத்தறிவித்துப் பயன் என்ன என்று அவர் உள்ளம் நொந்தது. அவர்கள் துயரைத் தம்மால் சிறிதும் போக்க முடியாமையை உணர்ந்து, சில நாளிலேயே அப்பணியைத் துறந்தார். பள்ளியை விட்டு வந்தாரேயன்றி, அக்குழந்தைகளின் தோற்றம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

வேறொரு பள்ளியில் சில ஆண்டு பணியாற்றிய பின்னர், அவர் மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து உயிரியலும் மருத்துவமும் கற்றார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சில திங்கள் கப்பல் மருத்துவராகவும் இருந்தார். எனினும் நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, நோய் வாராமற் காக்கும் உணவைப்பற்றி ஆராய்வதே அவருக்கு உவப்பாயிற்று. 1914ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அபர்டீன் நகரில் தொடங்கவிருந்த உணவாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே சென்று பார்த்தால் நிலையமே இல்லை! மரத்தால் சிறு கூடம் ஒன்று அமைக்கத் திட்டம் மட்டுமே இருந்தது. அவர் மனந்தளர்ந்தாரல்லர். கருங்கல்லாலேயே அக்கூடத்தைக் கட்டுவித்தார். பின்னாளில் எழவிருக்கும் பெரிய நிலையத்திற்கு அஃது ஒரு பகுதியாகப் பொருந்துமாறு அமைத்தார்.

அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டது. பாய்டு ஆர் படை மருத்துவராகப் போர்முனைக்குச் சென்றார். மக்கள் விட்டகன்ற தோட்டங்களில் விளைந்து கிடந்த காய்கறிகளைப் பறித்து வந்து வீரர்களின் உணவிற் சேர்ப்பித்தார். அதனால் அவர் பொறுப்பிலிருந்த வீரர்கள் நோயின்றி விளங்கினர். குண்டு மழைக்கு நடுவே காயமுற்றோர்க்கு உதவிய அவர் அஞ்சாமைக்காக விருதுகள் பெற்றார். போர் முடிந்து 1919இல் அபர்டீனுக்குத் திரும்பினார். ஜான் ரோவெட்டு என்னும் வணிகர் உவந்தளித்த பொருளால் ஆராய்ச்சி நிலையம் விரிவடைந்து, 1922இல் ரோவெட்டு நிலையம் என்னும் பெயரோடு திறக்கப்பட்டது.

அந்நாளில் இங்கிலாந்தின் அறிஞரிடையே ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் சேர்த்தபொழுது, வந்தவருள் மிகப் பலர் உடல் வலிமையற்றவர் என்று தள்ளப்பட்டனர். நாட்டு மக்களின் உடல்நிலை தாழ்ந்துவருகின்றதோ என்று அஞ்சிய அரசு ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு 1904இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மக்கள் மெலிந்ததன் காரணம் யாது என்பதில் கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன.

இதற்கு முன்பே பிரான்சிசு கால்டன் என்னும் அறிஞர் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களைத் திரட்டி ஆராய்ந்து 1886இல் முடிவு வெளியிட்டிருந்தார். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே வளர்கின்றனர் என்றும், ஆயினும் அவர்கள் உயரம் பொதுச் சராசரியை நோக்கிச் சற்றே சாய்கின்றது என்றும் அவர் கண்டார். உயரத்தில் மரபுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இதனால் விளங்கியது. ஆனால் அவர் வழி வந்த சிலர் இவ்வுண்மையை அளவு கடந்து நீட்டினர். ஏழை மக்கள் குறுகியிருப்பதும் மெலிந்திருப்பதும் அவர்தம் தாழ்ந்த மரபின் அடையாளம் என்றும், அவர்க்கு உதவுதல் வீண் என்றும் சொல்லத் தொடங்கினர். இதற்கு விடை கூறச் சொற்போர் போதாது. சோதனை வேண்டும் என்பதைப் பாய்டு ஆர் உணர்ந்தார்.

ரோவெட்டு நிலையத்தில் முதலில் நடந்தவை ஆடுமாடுகளின் தீவனத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளே. நல்ல இனத்துக் கன்றாயினும் தீவனத்தில் சுண்ணச்சத்தும் பிற உப்புச்சத்துகளும் குறைந்தால் அது வளர்வதில்லை. அச்சத்துகளைச் சேர்த்தால் செழித்து வளர்கிறது. இதனை அறிந்த உழவர்கள் தம் கன்றுகளுக்கு அளவறிந்து தீவனம் இட்டனர். கன்றின் வளர்ச்சி அவர்க்குப் பொருளாயிற்று. நாட்டின் குழந்தைகளுக்கு அவ்வாறு அளவறிந்து உணவிடுவார் ஒருவரும் இல்லை. இவ்வேற்றுமை பாய்டு ஆரின் உள்ளத்தை உறுத்தியது.

1926ஆம் ஆண்டு ஹெரால்டு கோரி மான் என்னும் மருத்துவர், இலண்டனுக்கு அருகில் சிறுவர் இல்லம் ஒன்றில் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார். இல்லத்தின் வழக்கமான உணவை மட்டும் உண்ட சிறுவர் ஓராண்டில் சராசரி 1.84 அங்குலம் வளர்ந்தனர். அவ்வுணவோடு நாள்தோறும் ஒரு பைண்ட், அஃதாவது அரை லிட்டருக்குச் சற்று மிகுதியான பால் அருந்திய சிறுவரோ 2.63 அங்குலம் வளர்ந்தனர். இது பாய்டு ஆரின் கருத்துக்கு அரண் செய்தது. ஆயினும் இல்லத்தில் கண்டது ஊரிலும் உண்மையாகுமா என்பதை அறிய வேண்டியிருந்தது.

எனவே ஸ்காட்லாந்தின் நகரங்களிலும் அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பெருஞ்சோதனை நடத்தினார். பிள்ளைகள் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதற்பிரிவினர்க்கு முழுப்பால், இரண்டாம் பிரிவினர்க்கு வெண்ணெய் எடுத்த பால், மூன்றாம் பிரிவினர்க்கு அதற்கு ஈடான ஆற்றல் தரும் பிஸ்கோத்து, நான்காம் பிரிவினர்க்கு வழக்கமான வீட்டு உணவு மட்டுமே. ஏழு திங்கள் கழித்து அனைவரையும் அளந்து பார்த்தனர். பால் அருந்திய பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும், பால் அருந்தாதவரைவிட நூற்றுக்கு 20 பங்கு விரைவாக வளர்ந்திருந்தனர். வெண்ணெய் எடுத்த பாலும் முழுப்பாலைப்போலவே பயன் தந்தது. அதனினும் வியப்பு, பிஸ்கோத்து அத்தகைய பயனைத் தரவில்லை. வயிற்றை நிரப்புதல் மட்டும் போதாது; எலும்பையும் தசையையும் ஆக்கும் புரதமும் சுண்ணச்சத்தும் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. சோதனையின் முடிவு 1928இல் வெளிவந்தது. பிறந்த பின்னர் மரபை மாற்றுவார் எவருமில்லர். அப்பிள்ளைகளின் மரபும் மாறவில்லை. மாறியது உணவு ஒன்றே. ஆயினும் அவர்கள் வளர்ந்தனர்.

இத்தகைய சோதனைகளில் வழுக்கி விழும் இடங்களும் உண்டு. 1930இல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர்ப் பகுதியில் சுகாதாரத் துறையினர் 20,000 பிள்ளைகளைக் கொண்டு பாற்சோதனை நடத்தினர். ஆசிரியர்கள் இரக்கம் மேலிட்டு, மெலிந்த பிள்ளைகளைப் பார்த்துப் பால் பெறும் பிரிவில் மிகுதியாகச் சேர்த்துவிட்டனர். தொடக்கத்திலேயே இரு பிரிவினரும் ஒத்த நிலையில் இல்லாமையால் சோதனையின் மதிப்புக் குறைந்தது. இதனை 1931இல் எடுத்துக்காட்டிய புள்ளியியல் அறிஞர் வில்லியம் காசெட்டு, ஒரே கருவினின்று தோன்றிய இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவர்க்குப் பால் அளித்து மற்றவர்க்கு அளியாமல் ஒப்பிடுதலே சிறந்த வழி என்றார். மரபு ஒன்றாயிருக்கும்பொழுதுதான் உணவின் ஆற்றல் தனித்துத் தெரியும் என்பது அவர் கருத்து.

பாய்டு ஆரின் ஆராய்ச்சி ஆப்பிரிக்கா வரை சென்றது. கென்யா நாட்டில் மாசாய் மக்கள் பாலும் இறைச்சியும் மிகுதியாக உண்டனர். அவர்க்கு அண்டையில் வாழ்ந்த கிகுயு மக்கள் தானியமும் கிழங்கும் உண்டனர். மாசாய் ஆடவர் கிகுயு ஆடவரைவிடச் சராசரி 5 அங்குலம் உயரமும் 23 பவுண்டு மிகுந்த எடையும் உடையவராயிருந்தனர். 1931இல் ஜான் கில்க்சு என்பவரோடு சேர்ந்து அவர் இதனை வெளியிட்டார். ஆயினும் அவ்விரு மக்களின் உணவும் வேறு, மரபும் வேறு. எது எவ்வளவு காரணம் என்று அதைக்கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. ஒரே நாட்டு மக்களுள் செல்வரையும் வறியவரையும் ஒப்பிட்டால் வழக்கு மேலும் தெளிவாகும்.

அவ்வொப்பீட்டையே 1936இல் வெளிவந்த அவருடைய நூல் செய்தது. உணவு, உடல்நலம், வருவாய் ஆகிய மூன்றன் தொடர்பை ஆராய்ந்தது அந்நூல். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் உணவுக் கணக்குகளைத் திரட்டி, நாட்டு மக்களை வருவாய்க்கு ஏற்ப ஆறு பிரிவாக வகுத்தார். மிக வறிய பிரிவினர் வாரத்திற்கு ஆளுக்கு 1.8 பைண்ட் பாலே பெற்றனர். மிகச் செல்வர் பிரிவினர் 5.5 பைண்ட் பெற்றனர். பழம், முட்டை, காய்கறி ஆகியவற்றின் நிலையும் அவ்வாறே. உடல்நலத்திற்கு முற்றும் போதுமான உணவு நாட்டு மக்களுள் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை என்று அந்நூல் கூறியது. சிறுவர்களின் உயரக் கணக்கும் அதனோடு ஒத்துச் சென்றது. பதின்மூன்று வயதில், நல்லுணவு அளித்த உறைவிடப் பள்ளி ஒன்றின் சிறுவர்கள் பொதுப்பள்ளிச் சிறுவர்களைவிடச் சராசரி 2 அங்குலத்திற்கு மேல் உயர்ந்திருந்தனர்.

உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றில், மக்களுள் பாதிப் பேர் குறையுணவு உண்கின்றனர் என்ற செய்தி ஆட்சியாளர்க்கு இனிக்கவில்லை. நூல் வெளிவருவதை அவர்கள் விரும்பவில்லை. ஆனால் பாய்டு ஆர் தம் பெயராலேயே அதனை வெளியிட்டார். நாடெங்கும் அது பெரும் பரபரப்பை விளைத்தது. இதற்குள்ளாகவே, பாற்சோதனைகளின் பயனாக, 1934 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவு விலையில் பால் வழங்கும் திட்டம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. 1946இல் அது விலையில்லாப் பாலாயிற்று.

1937இல் பாய்டு ஆர் மற்றுமோர் ஆய்வு தொடங்கினார். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 16 இடங்களில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்களின் உணவும், குழந்தைகளின் உடலளவுகளும் குறிக்கப்பெற்றன. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் அப்பணி நின்றது. ஆனால் போரே அவர் கொள்கைக்கு ஒரு தேர்வுக்களமாயிற்று. உணவு தட்டுப்பட்ட அக்காலத்தில் இருப்பதைச் செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒப்பப் பங்கிடும் முறை வந்தது. 1940 முதல் தாய்மை எய்தியவர்க்கும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைண்ட் பால் குறைந்த விலைக்கு அளிக்கப்பட்டது. வாங்க இயலாதவர்க்கு விலையின்றி அளிக்கப்பட்டது. உணவுக் கொள்கை வகுத்த அறிஞர் குழுவில் பாய்டு ஆரும் ஒருவர். குண்டு விழுந்த நாட்டில், பஞ்சம் நெருங்கிய வேளையில், ஏழைக் குழந்தைகளின் உணவு முன்னையினும் சிறந்தது. அதே போரில் பாய்டு ஆர் தம் மகனை இழந்தார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்.

1945இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் தோன்றியபொழுது அதன் முதல் தலைமை இயக்குநராகப் பாய்டு ஆர் அமர்ந்தார். ஒரு நாட்டில் தானியம் விலைபோகாமல் அழிய, மற்றொரு நாட்டில் மக்கள் பசியால் மடிதல் அறமன்று என்று அவர் கருதினார். உலக நாடுகள் அனைத்திற்கும் பொதுவாக ஓர் உணவு வாரியம் அமைத்து, மிகுந்த இடத்து விளைவை வாங்கிச் சேமித்துக் குறைந்த இடத்திற்கு உதவ வேண்டும் என்று 1946இல் திட்டம் வகுத்தார். வல்லரசுகள் அதற்கு இசையவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. 1948இல் அவர் அப்பதவியினின்று விலகினார். தம் வாழ்நாளின் பெருந்தோல்வியாக அவர் அதனைக் கருதியிருத்தல் கூடும். ஆயினும் பசி நீங்காமல் உலகில் அமைதி நிலவாது என்னும் அவர் கொள்கையை மதித்து 1949இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசுத் தொகையை அமைதிக்காக உழைக்கும் அமைப்புகளுக்கே வழங்கிவிட்டார். பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் தம் பண்ணையில் வாழ்ந்து, 1971ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் அறிவியல் மிக வளர்ந்துள்ளது. நல்லுணவு பெற்ற மக்களிடையே காணப்படும் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மரபால் வருவது என்று இரட்டையரைப் பற்றிய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உயரத்தோடு தொடர்புடைய மரபுக்கூற்று வேறுபாடுகள் ஏறத்தாழ 12,000 இருத்தலை, ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களை ஆராய்ந்து 2022இல் அறிஞர்கள் வெளியிட்டனர். இவை பாய்டு ஆரின் முடிவைப் பொய்யாக்குமோ? ஆக்கா. ஒரு கோட்டை விதைநெல்லை இரண்டாகப் பகிர்ந்து, பாதியை வளவயலிலும் பாதியை உவர்நிலத்திலும் விதைத்தால், ஒரே வயலுக்குள் பயிர்க்குப் பயிர் தோன்றும் ஏற்றத்தாழ்வு விதையால் வருவது. வயலுக்கு வயல் தோன்றும் வேறுபாடோ நிலத்தால் வருவது. விதை எவ்வளவு வளரக்கூடும் என்பதை விதை கூறும். அவ்வளவும் வளருமா என்பதை நிலம் கூறும். ஆலந்து நாட்டு ஆடவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சராசரி ஏறத்தாழ 165 சென்டிமீட்டர் உயரமே இருந்தனர். இன்று 180 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து உலகின் மிக உயர்ந்த மக்களுள் முதல்வராய் விளங்குகின்றனர். அத்துணைக் குறுகிய காலத்தில் ஒரு நாட்டு மக்களின் மரபு அவ்வளவு மாறுவதில்லை. மாறியவை உணவும், தூய்மையும், நோயற்ற இளமையுமே.

பாய்டு ஆர் 1937இல் தொடங்கிய ஆய்வின் ஏடுகள் ரோவெட்டு நிலையத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தன. பின்வந்த ஆராய்ச்சியாளர் அவற்றை எடுத்து, அதில் குறிக்கப்பட்ட குழந்தைகளின் பிற்கால வாழ்வைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். குழந்தைப் பருவத்து வறுமையும் குறையுணவும் உடலின் பிற பகுதியைவிடக் கால்களின் நீளத்திலேயே மிகுதியாக வெளிப்படுதலைக் கண்டனர்.

கிளாஸ்கோ நகரத்துச் சேரிப் பள்ளியில் ஓர் இளைஞர் சில நாளே ஆசிரியராயிருந்தார். அங்கே கோணிய கால்களோடு உட்கார்ந்திருந்த குழந்தைகள் தம் குறையைத் தாமே சொல்ல அறியாதவர்கள். அவர்களுக்காக அவர் வாழ்நாள் முழுதும் வழக்காடினார். குழந்தையின் தட்டில் இருப்பதே அதன் எலும்பில் எழுதப்படுகிறது என்பதை உலகிற்கு மெய்ப்பித்தார். பெற்றோர் தரும் உயரத்தை எந்த அரசாலும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆனால் அவ்வுயரத்தை எட்டவொட்டாமல் தடுக்கும் பசியை நீக்குதல் சமுதாயத்தால் இயலும். இயலுமாயின், அதனைச் செய்தல் சமுதாயத்தின் கடமை. இதுவே பாய்டு ஆரின் வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.